ஆடிய கோடு

காரைச் சரிசெய்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. எது அதைச் சரிசெய்தது என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. இதை யாரிடம் சொன்னாலும், "இப்போது ஓடுகிறதா இல்லையா? ஓடுகிறதென்றால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். விட்டுத் தொலைக்கலாம்தான். ஆனால் பல்லிடுக்கில் நார் சிக்கிக்கொண்டால் நாக்கு வேறெங்கும் போகாமல் அங்கேயே போய் நிற்கும் அல்லவா, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இந்த இக்னிஷன் விவகாரத்தில் என் மனமும் அப்படித்தான் நிற்கிறது. எழுதினாலாவது நார் வெளியே வருகிறதா என்று பார்க்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் செய்யப்பட்ட கார். வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. அதன் பெருமையெல்லாம் மேல்சுற்றில்தான். நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை சாதுவாக, எந்த வண்டியையும் போல இழுக்கும். அதற்கு மேல் குரல் மாறும். முள் 6,800ஐத் தொடும்வரை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க மனம் வராது. காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதை அந்தக் காரின் நோயாக எடுத்துக்கொள்வார்கள். இது வயதின் நோய். நாற்பது ஆண்டு எஞ்சின் சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் கிடந்தால் எந்த ஒயருக்கும் வரும்.

அறிகுறி எளிமையானது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, முள் 5,200ஐத் தாண்டும்போது எஞ்சின் விக்கும். ஒரு விக்கல், சிறு அமைதி, பிறகு இரண்டு மூன்று விக்கல் சேர்ந்து. மேடாக இருந்தால் இன்னும் மோசம். நிறுத்திவைத்து ஐடிலில் ஓடவிட்டால் தையல் இயந்திரம்தான். ஒரு குறையும் தெரியாது. ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும் மிதித்து மெல்ல ஏற்றினால் அதே 5,200ஐச் சத்தமில்லாமல் கடந்துவிடும். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். பெட்ரோல் பக்கம் பார்த்தாயிற்று: பம்ப்பின் அழுத்தம் சரி, ஃபில்டர் புதிது. பொறி விடும் பிளக் ஆறையும் மாற்றினேன். பிளக் ஒயர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டார் எல்லாவற்றையும் மாற்றினேன். ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் எஞ்சின்மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளித்துக்கூடப் பார்த்தேன். மின்சாரம் எங்காவது கசிந்தால் அந்த இருட்டில் நீல நூலாகத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. விக்கலும் நிற்கவில்லை.

அதன் பிறகு எல்லோரும் சொன்னது ஒன்றுதான். இக்னிஷன் பழையது, மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டு.

பொறியின் கணக்கு

இந்த அறிவுரையை நான் உடனே நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கு அதன் பக்கம் இருந்தது. பழைய முறையில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள். 1910 வாக்கில் சார்ல்ஸ் கெட்டரிங் கேடிலாக் கார்களுக்காகச் செய்த அமைப்பிலிருந்து அடிப்படையில் இது மாறவே இல்லை. பேட்டரி மின்சாரத்தைக் காயிலின் முதல் கம்பிச்சுற்றில் ஓடவிட்டுக் காந்தப்புலத்தை ஏற்றுவது, பிறகு பட்டென்று துண்டிப்பது. புலம் சரியும் வேகத்தில் இரண்டாம் கம்பிச்சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். அதை டிஸ்ட்ரிபியூட்டர் முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். என் காரில் துண்டிக்கும் வேலையைப் பாயின்ட் என்னும் இயந்திர சுவிட்சுக்குப் பதில், தண்டின் சுழற்சியை உணரும் காந்த பிக்கப்பும் ஒரு சிறு எலெக்ட்ரானிக் பெட்டியும் செய்தன. மற்றபடி எல்லாம் அதேதான்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. 6,000 சுற்றில் ஆறு சிலிண்டருக்குமாகச் சேர்த்தால் நொடிக்கு 300 பொறி. அதாவது ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவில் 3.3 மில்லி விநாடி. அதற்குள் காயில் நிரம்ப வேண்டும், வெடிக்க வேண்டும், மறுபடி நிரம்பத் தொடங்க வேண்டும். ஐடிலில் இதைப்போல ஏழெட்டு மடங்கு நேரம் கிடைக்கிறது. குறைந்த சுற்றில் நலமாக இருக்கும் எஞ்சின் மேலே போனதும் விக்குவதில் வியப்பில்லை.

அது பாதிக் கதை. மீதிப் பாதி பிளக்கின் நுனியில் இருக்கிறது. பிளக்கில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளியே எடுத்துத் திறந்த காற்றில் பிடித்தால் சில ஆயிரம் வோல்ட்டிலேயே பொறி தாண்டிவிடும். ஆனால் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து நெருக்கிய வாயுவில் அது தாண்ட வேண்டும். அழுத்தமும் இடைவெளியும் பெருகப் பெருகத் தேவைப்படும் வோல்ட்டும் பெருகும் என்பதை ஃபிரீட்ரிக் பாஷென் 1889இலேயே சோதித்து விதியாக எழுதிவைத்துவிட்டார். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் சிலிண்டர் முழுதாக நிரம்புகிறது, அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. பாதி மிதித்தால் அவ்வளவு இல்லை. ஒரே 5,200 சுற்றில் மிதிப்பதைப் பொறுத்து விக்கல் வருவதும் வராமல் போவதும் இதனால்தான். காயில் திணறுகிறது என்று முடிவு கட்டினேன். முடிவில் தவறில்லை. ஏன் திணறுகிறது என்று கேட்காமல் போனதுதான் தவறு.

புதிய இக்னிஷனுக்கான கிட்டை வாங்கினேன். எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் புல்லியில் பொருத்த ஒரு பற்சக்கரம்: 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று வேண்டுமென்றே விடுபட்டிருக்கும். அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் எஞ்சின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி கண்டுபிடிக்கிறது. பற்களைப் படிக்க ஒரு சென்சார். ஒரு காயிலுக்குப் பதில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஒரே சமயத்தில் மேலே வரும் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு காயில். ஒன்றில் பொறி வேலை செய்யும், மற்றொன்றில் கழிவு வெளியேறும் நேரத்தில் வீணாக வெடிக்கும். வீண் என்றாலும் நஷ்டமில்லை. அங்கே அழுத்தம் இல்லாததால் அது தின்னும் வோல்ட் கொஞ்சம்தான். ஒவ்வொரு காயிலுக்கும் இப்போது சுற்றுக்கு ஒரு பொறி, அதாவது 6,000இல் 10 மில்லி விநாடி அவகாசம். 3.3 எங்கே, 10 எங்கே! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாட்டிய கதையை நீட்டவில்லை. சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைத்து ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவர ஒரு பகல் போனது. சென்சாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, சுற்று ஏற ஏற டைமிங், அதாவது பொறி கிளம்பும் கணம், ஏன் நழுவுகிறது என்று புரியாமல் இன்னொரு பகல் போனது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கிட்டோடு வந்த தாளில், காயில்களுக்கான மின்சாரத்தைப் பழைய ஒயரிங்கிலிருந்து எடுக்காதே, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து ரிலே வழியாகக் கொடு, எர்த்தை நேராக எஞ்சினில் முடி என்று எழுதியிருந்தது. சொன்னபடி செய்தேன். பழைய காயிலுக்குப் போன ஒயரை வெட்டி எடுத்தபோது நுனியில் பச்சை பூத்திருந்தது. உறையைச் சீவினேன். சிவப்பாக மின்ன வேண்டிய செம்பு ஒரு சாண் தூரத்துக்குக் கரிபிடித்த விளக்குத்திரி மாதிரி இருந்தது. இன்னும் சீவினேன், இன்னும் கருப்பு. அதைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்திலேயே விக்கல் போய்விட்டது. 5,200, 6,000, 6,800 என்று முள் தங்குதடையின்றி ஏறியது. வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை வோல்ட்?

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். மூன்று மாதம் கழித்து அவரிடம் காரைக் காட்டி, கிட்டின் புகழைப் பாடி முடித்தேன். பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, பழைய காயிலுக்குக் கடைசியாக எத்தனை வோல்ட் வந்துகொண்டிருந்தது?"

"பேட்டரியில் 13.8 இருந்தது."

"பேட்டரியைக் கேட்கவில்லை."

அவ்வளவுதான் பேச்சு. அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிளக்கை மாற்றினேன், மூடியை மாற்றினேன், இருட்டில் தண்ணீர் தெளித்து நாடகம் ஆடினேன். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் காயிலில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அது அரை நிமிட வேலை.

அடுத்து வந்த விடுமுறை நாளில், நண்பர்கள் பைத்தியம் என்று சொன்ன காரியத்தைச் செய்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த புதிய அமைப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பழைய காயில், பழைய எலெக்ட்ரானிக் பெட்டி, மூடி, ரோட்டார் எல்லாவற்றையும் மறுபடி மாட்டினேன். ஒரே ஒரு வித்தியாசம்: மின்சாரம் மட்டும் புதிய தடித்த ஒயரிலிருந்து. ஓட்டிப் பார்த்தேன். 5,200இல் ஒன்றும் இல்லை. 6,000இல் ஒன்றும் இல்லை. மேட்டில் ஏற்றினேன், மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தேன். வண்டி அதே குரலில் 6,800க்குப் போனது.

வீட்டுக்கு வந்து, பெட்டியில் சுருட்டிப் போட்டிருந்த பழைய ஒயரை எடுத்து மறுபடி ஒட்டவைத்து இணைத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். காயிலின் முனையில் 10.9. திரும்ப ஓட்டினேன், 5,200இல் விக்கல், பழைய நண்பனைப் போலக் காத்திருந்தது.

மூன்று வோல்ட்டுக்கும் குறைவான இழப்பு, அதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். நேரம் போதாத மேல்சுற்றில், மின்னோட்டம் வோல்ட்டுக்குத் தக்கபடிதான் ஏறும். 13.8க்குப் பதில் 10.9 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவு. ஆற்றலில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஐடிலில் காயிலுக்கு நிரம்ப நேரம் இருப்பதால் குறை தெரியாது. என் கணக்கெல்லாம் சரிதான், 3.3 மில்லி விநாடி, பாஷென், எல்லாம். அந்தக் காயிலுக்கு அந்த 3.3 போதுமானதாகத்தான் இருந்தது, உரிய மின்சாரம் கிடைத்திருந்தால். நாற்பது ஆண்டுக்கு முன் அதை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. காரைச் செய்தபோது அது 6,800 வரை விக்காமல்தானே போயிருக்கும்?

இங்கே ஒரு வார்த்தை. பலமான பொறி என்று விற்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சிலிண்டரில் இருக்கும் கலவை பற்றிக்கொண்டால் பற்றிக்கொண்டதுதான். பெரிய தீக்குச்சியால் கொளுத்தினால் விறகு கூடுதலாக எரிவதில்லை. பற்றாமல் போன இடத்தில் பற்றவைத்தால் இழந்த சக்தி திரும்பி வரும். அதைப் புதிதாகக் கிடைத்த சக்தி என்று விளம்பரம் செய்வது வேறு விஷயம். மின்தேக்கியில் நானூறு, ஐந்நூறு வோல்ட் ஏற்றி ஒரே வீச்சில் காயிலுக்குள் கொட்டும் அமைப்புகளும் உண்டு. போர்ஷே 911இல் 1969லேயே அது வந்துவிட்டது. கரி படிந்த பிளக்கில்கூடப் பொறியை வரவைக்கும் வேகம் அதற்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பொறியின் ஆயுள் மிகக் குறைவு. அதை ஈடுகட்டத்தான் ஒரே முறைக்குப் பல பொறி. அதுவும் கீழ்ச்சுற்றில்தான், ஏறத்தாழ 3,000 சுற்றுக்கு மேல் நேரம் இல்லாமல் ஒற்றைப் பொறிக்கு வந்துவிடும். டர்போவில் அழுத்தத்தை ஏற்றியவர்களுக்கும், எஞ்சினின் இயல்பையே மாற்றியவர்களுக்கும் இவையெல்லாம் வேண்டும். என் எஞ்சினில் யாரும் எதையும் மாற்றவில்லை. அதற்கு வேண்டியிருந்தது ஒரு முழ ஒயர்.

கோடு

அன்றைக்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிட்டைப் பெட்டியில் கட்டி யாருக்காவது கொடுத்துவிட்டு, நல்ல ஒயரோடு பழைய அமைப்பையே வைத்துக்கொண்டிருப்பேன். பழையதை மாட்டியிருக்கும்போதே டைமிங்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லைட்டை எடுத்ததுதான் வினை.

டைமிங் லைட்டைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் கவ்வியை மாட்டினால், அந்தப் பிளக்கில் பொறி வரும்போதெல்லாம் லைட் ஒரு முறை மின்னும். சுற்றிக்கொண்டிருக்கும் புல்லியில் சுண்ணக்கட்டியால் போட்ட வெள்ளைக் கோடு, அந்த மின்னலில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். நிற்க வேண்டும். என்னுடையது நிற்கவில்லை. 10 டிகிரியில் இருக்க வேண்டிய கோடு 8க்கும் 12க்கும் நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரே கோடு இரண்டு மூன்றாகப் பிரிந்து, மங்கி, சேர்ந்து, மறுபடி பிரிந்தது. சுற்றை 3,000க்கு ஏற்றினேன். நடுக்கம் அடங்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்தேன். பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடியது. தண்டைத் தாங்கும் வளையமான மேல் புஷ் தேய்ந்துபோயிருந்தது. தண்டு ஆடினால் பிக்கப்பின் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் பொறி கிளம்பும் கணம் மாறும்.

எத்தனை பெரிய மாற்றம்? 6,000 சுற்றில் எஞ்சின் ஒரு டிகிரி திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியில் 36,000இல் ஒரு பங்கு. 28 மைக்ரோ விநாடி. நான்கு டிகிரி என்றால் அதைப்போல நான்கு மடங்கு. அவ்வளவு பிசகுக்குத் தேய்ந்த புஷ்ஷின் ஆட்டம் தாராளமாகப் போதும். ஆனால் அந்த நான்கு டிகிரியைச் சிலிண்டர் உணரும். பொறி முந்தினால் எஞ்சின் தட்டும், அந்தத் தட்டல் பிஸ்டனைத் தின்னும். அதற்குப் பயந்து, ஆட்டத்தின் முந்திய எல்லையை வைத்தே டைமிங்கைச் சற்றுப் பின்தள்ளி வைக்க வேண்டியிருக்கும்; அப்போது மீதிப் பொறிகளெல்லாம் தாமதம். அதுவும் லைட் காட்டியது முதல் சிலிண்டரை மட்டும். மற்ற ஐந்தும் என்ன ஆட்டம் ஆடினவோ! இத்தனை ஆண்டு இந்தக் கோட்டோடுதான் ஓட்டியிருக்கிறேன். விக்கல் காதுக்குக் கேட்டது, அதனால் அதன் பின்னாலேயே அலைந்தேன். இது கேட்கவே இல்லை.

மறுநாள் கிட்டை மறுபடி மாட்டினேன். லைட்டைப் பிடித்தேன். கோடு கல்லில் செதுக்கியது மாதிரி நின்றது. கிராங்கின் பல்லிலிருந்தே கோணத்தைப் படிப்பதால் நடுவில் ஆடுவதற்குச் செயின் இல்லை, கியர் இல்லை, புஷ் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது வித்தியாசம் இருப்பதாகத்தான் தோன்றியது. 3,500இலேயே இழுவை கொஞ்சம் கெட்டியாக. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். கோட்டைப் பார்த்த கண்ணோடு ஓட்டினேன், அந்தக் கண்ணின் சாட்சியத்தை நானே முழுதாக நம்பமாட்டேன்.

ஆக, ஒரு நோய்க்காக வாங்கிய மருந்து அந்த நோய்க்குத் தேவையே இல்லை. எனக்குத் தெரியாமல் இருந்த வேறொரு நோயை அது குணப்படுத்திவிட்டது. இதை மூத்த மெக்கானிக்கிடம் சொன்னேன். வாழ்த்துவார் என்று எதிர்பார்த்தேன். "புஷ் மாற்றியிருந்தாலும் கோடு நின்றிருக்குமே தம்பி" என்றார்.

அதோடு நிற்கவில்லை, புஷ்ஷை எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றார். என் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்கி எறிய முடியாது. ஆயில் பம்ப்பைச் சுழற்றுவதே அந்தத் தண்டின் கீழ்முனைதான். மூடி இல்லாமல், ரோட்டார் இல்லாமல், பங்கிடுவதற்கு ஒன்றும் இல்லாமல், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆடும் தண்டை அப்படியே விட மனமில்லை. கழற்றிக் கொடுத்தேன். வெண்கலப் புஷ் இரண்டும் புதிதாகப் போட்டுத் தந்தார். இப்போது தண்டை விரலால் அசைத்தால் அசைவதில்லை. எண்ணெய்ப் படலத்தின்மேல் பட்டுப்போலத் திரும்புகிறது.

புதிய ஒயர் இருக்கிறது. புதிய புஷ் இருக்கிறது. பழைய காயிலை மாட்டி, ரோட்டாரைச் செருகி, மூடியை வைத்து, லைட்டைப் பிடித்தால் கோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு மணி நேர வேலை. நின்றுவிட்டால் நான் வாங்கிய பற்சக்கரம், சென்சார், மூன்று காயில், கட்டுப்பாட்டுப் பெட்டி எதற்கும் எஞ்சினிடம் சொல்ல ஒரு காரணம் மிஞ்சாது. செயினின் தளர்வும் கியரின் தளர்வும் கொஞ்சம் ஆட்டத்தை மிச்சம் வைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வைத்திருக்கலாம்.

மூடி, ரோட்டார், பழைய காயில் மூன்றையும் துணியில் சுற்றி, டைமிங் லைட் இருக்கும் அதே தட்டில் வைத்திருக்கிறேன். போன வாரம் வேறு எதையோ தேடப் போனவன் துணியை அவிழ்த்துப் பார்த்தேன். ரோட்டாரின் பித்தளை முனையில் லேசாக வெள்ளை படிந்திருந்தது. விரலால் துடைத்தேன், அது போகவில்லை, நகத்தால் சுரண்டினேன். பிறகு மறுபடி சுற்றிவைத்தேன்.